பூட்டிப்போட்ட லாரி ஆட்டம்

உங்க காலில் கிடக்கிற செருப்பு நீங்க காசு குடுத்து வாங்கினதுதானுங்களே? ஓசியில வந்ததில்லையே? சரி. வாங்கியாச்சு, போட்டுக்கிட்டு நடக்கிறீங்க. ஒரு நாள் காலையில செருப்புக் கடைக்காரன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "அண்ணே, நாங்க கடையை மூடறோம், அதனால இனிமே இந்தச் செருப்புக்குள்ள உங்க கால் போகாது"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அதே செருப்பைக் கழட்டித்தானே பதில் சொல்லுவீங்க? சிரிக்கிறீங்க. எனக்கு நடந்துச்சுங்க. அதுக்குத்தான் நாமக்கல் போயிட்டிருக்கேன். நுகர்வோர் கோர்ட்டுக்கு.

நீங்க எதுவரைக்கும்? புதுச்சத்திரமா? அது போதும், அதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம்.

மெதுவாப் பேசணுமா? என் தொண்டை அப்படித்தானுங்க. லாரிப் பட்டறையில வளர்ந்த தொண்டை. பேரு செங்கோட்டுவேலு. ராசிபுரத்துல பழைய டயர் யாவாரம். அஞ்சாங்கிளாஸோட படிப்பு சரி, மீதியெல்லாம் பஞ்சர் கடையில ஸ்பானரால வாங்கின அடியில கத்துக்கிட்டது. எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வித்ததில்லைங்க. போன வருசம் கால் உடைஞ்சப்ப, ஆபரேசன் மேசையில படுத்துக்கிட்டே, காலுக்குள்ள வெக்கிற கம்பிக்கு டாக்டர்கிட்ட பேரம் பேசினவன் நான். மயக்க ஊசி போட்டுத்தான் என் வாயை மூடினாங்க.

ஆண்டகளூர் கேட் வந்துடுச்சா? ஒரு நிமிசம். ஏறுவாரு பாருங்க ஒருத்தரு. வெள்ளைச் சட்டை, கக்கத்துல பிளாஸ்டிக் ஃபைலு. ஆங், ஏறிட்டாரு. பார்க்காதீங்க, பார்க்காதீங்க, நேராப் பார்த்து உக்காருங்க.

பார்த்தீங்களா? பஸ்ஸு பூராக் காலியாக் கிடக்குது. சரியா நமக்கு முன்னாடி சீட்டுலதான் வந்து உக்காரணுமா அந்த ஆளு?

என் பொண்ணுக்கு மாமனாருங்க. நாச்சிமுத்துன்னு பேரு. நானும் அவரும் பேசிக்கிறதில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே கேசுதான், ஒரே கோர்ட்டுதான், இருந்தாலும் பேச்சு கிடையாது. ஏன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன்.

என் பொண்ணு மேகலா கல்யாணத்துல, கடைசிப் பந்தியில ஐஸ்கிரீம் தீர்ந்து போச்சு. அவ்வளவுதான் விசயம். அந்தப் பந்தியில உக்காந்திருந்தது இவரோட தாய்மாமன் வகையறா. இவரு எல்லாரும் இருக்கையில என்னைப் பார்த்து, "சமையக்காரன்கிட்ட பேரம் பேசிப் பேசி ஐஸ்கிரீமையே கரைச்சுட்டீங்களே, இதான் உங்க உபசரிப்பா?"ன்னாரு. நான் சும்மா இருப்பனா? "உங்க மாமன்மாரு ஆளுக்கு மூணு கப்பை வேட்டிக்குள்ள மறைச்சா எவன் குடுத்துக் கட்டுப்படியாகும்?"னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவரு துண்டை உதறினாரு. நான் துண்டை உதறினேன். பக்கத்துல யாரோ ஆரத்தித் தட்டோட போனாங்க. அந்தக் கற்பூரத்தைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். இந்த ஆளு முகத்தைப் பார்த்து இனிமே பேசமாட்டேன், போன்ல பேசமாட்டேன். இவரும் தட்டைப் பிடுங்கி அதையே சொல்லி, "ஆள் விட்டும் சேதி சொல்ல மாட்டேன்"னு ஒண்ணைச் சேர்த்தாரு. விடுவனா? நானும் அதைச் சேர்த்துக்கிட்டேன். பொண்ணு மாலையோட நின்னு அழுவுறா. மாப்பிள்ளை தினகரன் தலையில கைய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதெல்லாம் பார்த்தா முடியுமா? சத்தியம்னா சத்தியம்.

இருங்க, செருப்புக்கு வரேன்.

கால் உடைஞ்சு கட்டிலோட கிடந்தேன்னு சொன்னேனில்ல. கடைக்குப் போக முடியலை. பேரம் பேச ஆள் இல்லை. வீட்டுக்கு வர்ற கீரைக்காரம்மாகிட்டப் பேசினேன், அந்தம்மா தெருவையே மாத்திக்கிட்டுப் போயிருச்சு. என் சம்சாரம் தங்காயி, "இந்த மனுசன் வாய்க்கு ஏதாவது வேலை குடு கண்ணு"ன்னு பெங்களூருல இருக்கிற பொண்ணுகிட்ட அழுதிருக்கா. மாப்பிள்ளை ஒரு பெட்டியைக் கொண்டாந்து டிவியில மாட்டினாரு. விளையாட்டுப் பெட்டி. கையில பிடிக்கிறதுக்கு ஒரு கட்டை, காதுல மாட்டிக்கப் பேச்சுக் கருவி. பெட்டி அவரு குடுத்தது. ஆனா ஆட்டம் நான் வாங்கினேன். என் கார்டுல, என் காசுல. இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க.

லாரி ஆட்டம்ங்க. அதோட பேரு என் வாயில நுழையாது. அதையும் அவன் சொன்ன விலைக்கு நான் வாங்கலை. திரையில பேரம் பேச முடியாதில்ல, அதனால வாங்காம தினமும் அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். பண்டிகை வந்ததும் அவனே விலையைக் கோடு போட்டு அடிச்சுக் குறைச்சான். டக்குனு அமுக்கிட்டேன். "வாங்கு"ன்னு எழுதியிருந்துச்சு. வாங்கினேன்.

ஒரு சிவப்பு லாரி குடுத்தான். ஏதோ ஒரு தேசத்து மலைரோடு. ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் பள்ளம். ரோட்டுல ஒரு குழி இல்லை, ஒரு மாடு இல்லை. முதல்ல எனக்கு ஓட்டவே வரலைங்க. அப்புறம் பழகிட்டேன். ஒரு நாள் மரம் ஏத்திக்கிட்டு மேல போறேன், கொண்டை ஊசி வளைவுல ஒரு நீல லாரி குறுக்க நிக்குது. நகரமாட்டேங்குது. ஆரன் அடிச்சேன். காதுல கேக்குது ஒரு குரல்: "ஏய் சிவப்பு லாரி! எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?"

எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு பார்த்தா, ஐஸ்கிரீம் குரல்.

உலகத்துல எத்தனை லட்சம் பேரு அந்த ஆட்டம் ஆடறாங்க. எனக்குன்னு இந்த ஆளு வந்து வாய்க்கணுமா? மாப்பிள்ளைகிட்டயே கேட்டேன். ரெண்டு வீட்டுலயும் பெட்டி மாட்டினது அவருதானே. "எப்படி மாமா இப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியலை"ன்னாரு. பாவம், அவரு என்ன பண்ணுவாரு, எல்லாம் நம்ம நேரம்.

நான் பெட்டியை அணைச்சிருக்கலாம். அணைக்கலை. எதுக்கு அணைக்கணும்? பின்வாங்கினா அவரு ஜெயிச்ச மாதிரி. "நகத்துய்யா நீல லாரி, உன் அப்பன் ஊட்டு ரோடா?"ன்னேன். அவரு நகத்தினாரு. அடுத்த வளைவுல என்னை இடிச்சுப் பள்ளத்துல தள்ளினாரு. மறுநாள் நான் அவரைத் தள்ளினேன். அப்படியே ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, மார்கழியில கோயில் ஸ்பீக்கர் போட்டதும் ரெண்டு பேரும் லாரியை எடுத்துடுவோம்.

சத்தியம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. சத்தியத்துல என்ன இருக்கு? முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. அங்க முகம் எங்க இருக்கு? லாரிதானே இருக்கு. போன்ல பேசக்கூடாது. அது போனா? காதுல மாட்டறது. ஆள் விட்டுச் சேதி சொல்லக்கூடாது. யாரை விட்டோம்? நாங்களேதானே பேசினோம். சந்தேகத்துக்கு எங்க கோயில் பூசாரிகிட்டயும் கேட்டேன். அவரு பாதி கேட்டதுமே, "போய்ட்டு வாங்க சாமி, ஒரு தோசமும் இல்லை"ன்னு திருநீறைக் குடுத்து அனுப்பிட்டாரு. சொன்ன வார்த்தையில இருக்கிறதுக்குத்தானுங்க நான் பொறுப்பு. இல்லாததுக்கு எப்படிப் பொறுப்பாவேன்?

அன்பாவெல்லாம் பேசலைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. பூராச் சண்டை. "காலைக் கட்டில்ல நீட்டி வெச்சுக்கிட்டு ஆடுய்யா நொண்டி லாரி, இல்லாட்டி ரத்தம் கட்டிக்கும்"பாரு. "நீ முதல்ல சக்கரை மாத்திரையைப் போட்டுட்டு வா, கண்ணு தெரியாம பள்ளத்துல விடறே"ம்பேன். பொண்ணுக்கு வளைகாப்பு வந்துச்சு. எத்தனை வகைச் சோறு கட்டறது, யாரு எப்ப வர்றதுன்னு எல்லாம் மலையுச்சியில லாரியை ஓரங்கட்டித்தான் முடிவாச்சு. வளைகாப்பன்னைக்கு அவரு மண்டபத்துல அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. ஒரு வார்த்தை பேசலை. எங்களைப் பார்த்தவங்க, "இன்னும் பகை தீரலையே"ன்னு உச்சுக் கொட்டினாங்க.

அப்புறம் பேத்தி பொறந்தா. அங்கதான் பெரிய சண்டை. மூக்கு. எங்க வீட்டு மூக்குங்க அது, நுனியில கொஞ்சம் மொழுக்குன்னு இருக்கும், என் மூக்கைப் பாருங்க, நல்லாப் பாருங்க. பேத்திக்கு அச்சு அசல் இதே மூக்கு. அவரு ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. "எங்க குலத்து மூக்கு, எங்கப்பாரு மூக்கு"ன்னு அடிக்கிறாரு. மூக்குக்காக ஒரு முழு மாசம் நாங்க ஒரு லோடும் இறக்கலை.

இந்த நேரத்துலதான் கம்பெனிக்காரன் சேதி போட்டான். ஆட்டத்தை நிறுத்தறானாம். இன்ன தேதியோட சர்வரை மூடறானாம். சர்வர்னா அவன் நாட்டுல வெச்சிருக்கிற பெரிய கம்ப்யூட்டர். நான் என் வீட்டு டிவியில ஆட்டத்தைத் திறந்தா, அது முதல்ல அங்க போய், "செங்கோட்டுவேலு வந்திருக்காரு, உள்ள விடலாமா?"ன்னு கேக்குமாம். அங்க இருந்து சரின்னு வந்தாத்தான் திறக்குமாம். இத்தனை நாளா அப்படித்தான் நடந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்லை! என் வீட்டுக் கதவைத் திறக்க நான் கதவு வித்தவன்கிட்டக் கேக்கணுமா?

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தான், நல்ல தமிழு. "சார், மூடறது உறுதி சார்"னான். "மூடு கண்ணு, உன் கடை, நீ மூடு. நான் வாங்கினதை எனக்குத் திறந்து விட்டுட்டு மூடு. யாரும் வேண்டாம், நான் தனியா ஓட்டிக்கிறேன்"னேன். தனியாவும் ஓட்ட முடியாதாம். "சார், நீங்க ஆட்டத்தை வாங்கலை. ஆடறதுக்கான அனுமதியை மட்டும்தான் வாங்கியிருக்கீங்க"ன்னான்.

எனக்குக் கம்பி வெச்ச காலே ஆடிப்போச்சு. "தம்பி, நான் டயர் விக்கிறவன். வித்த டயரைத் திரும்ப வாங்கமாட்டேன், அது என் கடை போர்டுலயே இருக்கு. ஆனா வித்ததுக்கப்புறம் ஒருத்தன் வீட்டுக்குப் போயி அந்த டயர்ல காத்தைப் புடுங்கிவிட்டுட்டு வந்ததில்லை. நீ புடுங்கறியே!"ன்னேன். அவன் சிரிக்காம, "விதிமுறையில இருக்கு சார். நீங்க சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க"ங்கறான். அழுத்தினேன். எவன்தான் அழுத்தலை? மூட்டை மூட்டையா எழுத்து, எறும்பு மாதிரி ஊருது. ஒரு மனுசன் விரலால அழுத்தினதை வெச்சுக்கிட்டு, எழுத்துக்கு எழுத்து பிடிச்சுத் தொங்கறது என்ன நியாயம்ங்க? மனசுல என்ன நினைச்சு அழுத்தினான்னு பார்க்க வேண்டாமா?

பேரமும் பேசிப் பார்த்தேன். ஆறு மாசம் தள்ளிப் போடுன்னேன். மூணு மாசம். சரி, ஒரு மாசம். பேத்தி மூக்கு முடிவாகிற வரைக்கும்னு கூடக் கேட்டேன். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"னு கேட்டு வெச்சுட்டான். என் ஆயுசுல ஒரு காசுகூட இறங்காத யாவாரி அவன் ஒருத்தன்தான்.

பஸ்ஸு ஆரன் அடிச்சதுல கேட்டிருக்காது, மறுபடி சொல்றேன். பேத்தி மூக்கு முடிவாகிற வரைக்கும்னு கேட்டேன். உங்களுக்கு முதல் தடவையே கேட்டுச்சா? பரவாயில்லை, எதுக்கும் இருக்கட்டும்.

கடைசி நாள். நம்ம ஊரு நேரத்துக்கு முற்பகல்ல மூடறதா சொல்லியிருந்தான். காலையிலயே குளிச்சு உக்காந்துட்டேன். அந்த மலைரோட்டுல அன்னைக்கு வேற லாரியே இல்லைங்க. எல்லாரும் வேற ஆட்டத்துக்குப் போயிட்டாங்க. ஒரு வளைவுல நீல லாரி நின்னுக்கிட்டிருந்துச்சு. இடிக்கலை. நான் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினேன்.

"டீ குடிச்சாச்சா?"ன்னாரு.

"குடிச்சாச்சு. நீ?"

"குடிக்கிறேன். சக்கரை இல்லாமத்தான்."

"பொய் சொல்லாதய்யா. உறிஞ்சற சத்தத்துலயே தெரியுது சக்கரை போட்ட டீன்னு."

ரெண்டு லாரி மேலயும் பனி பெய்யுது. அப்புறம், "ஏ சிவப்பு லாரி"ன்னாரு. என்னான்னேன். "அந்த மூக்கு விசயம்..."னு ஆரம்பிச்சாரு.

அவ்வளவுதானுங்க. திரை கருப்பு. "எங்களோடு பயணித்தமைக்கு நன்றி"ன்னு போட்டான்.

பயணமாம்! நான் கட்டையைத் தூக்கி அடிச்சேன். தங்காயி ஓடியாந்து, "கால் வலிக்குதா?"ங்கறா. ஒரு மனுசன் ஒரு வார்த்தையை ஆரம்பிச்சிருக்கான், அதை முடிக்க விட வேண்டாமா? மூக்கு விசயம் என்ன? ஒத்துக்கறேன்னா? ஒத்துக்க மாட்டேன்னா? மரபணு சோதனை வெக்கலாம்னா? சோறு இறங்கலைங்க. போன் பண்ணக் கூடாது. நேர்ல கேக்கக் கூடாது. பொண்ணை விட்டுக் கேக்கலாம்னா அது ஆள் விட்டது. அந்த ஒண்ணைச் சேர்த்ததே இந்த ஆளு!

அப்பத்தான் முடிவு பண்ணினேன், கோர்ட்டுன்னு. மூக்குக்காக இல்லைங்க. கொள்கைக்காக. வாங்கின பொருளு வாங்கினவனோடது. நாமக்கல்ல எழில்விழின்னு வக்கீலம்மா. "ஒருத்தரா வழக்குப் போடறதைவிட, வாங்கின இன்னொருத்தரும் சேர்ந்தா பலமா இருக்கும். வேற யாரையாவது தெரியுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு யாரையும் தெரியாதுன்னேன். மறுவாரம் போனா, மனுவுல ரெண்டாவது கையெழுத்து நாச்சிமுத்துன்னு இருக்கு. இவரும் தனியாப் போயி அதே அம்மாகிட்ட அதே புகாரைக் குடுத்திருக்காரு. எங்க போனாலும் குறுக்க நிக்கிறதே பொழப்பு.

போன வாய்தாவுல கம்பெனி வக்கீலு வந்தாரு. ஆட்டத்துக்கு வாங்கின பணத்தைத் திருப்பித் தரோம், மேல கொஞ்சமும் தரோம், வழக்கை முடிச்சுக்கலாம்னாரு. எழில்விழி அம்மா என்னைப் பார்த்தாங்க. வாழ்க்கையில முதல் தடவையா, வர்ற காசை வேண்டாம்னேன். அந்தக் கோடியில இருந்து இந்த ஆளும் வேண்டாம்னுட்டாரு. "அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"ன்னு வக்கீலு கேக்கறாரு. "ஒரு பத்து நிமிசம் ஆட்டத்தைத் திறந்து விடு, போதும்"னேன். என்னைப் பார்த்துக் கோர்ட்டே சிரிக்குது.

இதோ, முன்னாடி பாருங்க. கண்டக்டர் தம்பியைக் கூப்பிட்டு உக்கார வெக்கிறாரு. என்னமோ சொல்றாரு. கொஞ்சம் பேசாம இருங்க.

என்னது?

கேட்டீங்களா? "தம்பி, ஒரு நாள் ஒரு ஆட்டத்துல பாதிப் பேச்சுல லைன் கட்டாயிடுச்சு. சொல்ல வந்தது வயித்துக்குள்ளயே கிடக்குது. எங்க பேத்திக்கு மூக்கு அவங்கம்மா ஊட்டு மூக்குதான் தம்பி. பாவம், பொம்பளைப் புள்ளை. மத்தபடி நல்லாத்தான் இருக்குது." அப்படியேதானே சொன்னாரு? நீங்க சாட்சி. அந்தக் கண்டக்டர் தம்பி திருதிருன்னு முழிக்குது பாருங்க!

பாவமா? எங்க மூக்குல என்னங்க பாவம் இருக்கு? இந்த மூக்கோட நான் ஒரு கடை வெச்சு, ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன். ஒத்துக்கிட்டாரில்ல, நாலு பேர் இருக்கிற பஸ்ஸுல ஒத்துக்கிட்டாரில்ல! பதில் சொல்லணும். நல்ல பதிலா ஒண்ணு இருக்கு எங்கிட்ட. உங்ககிட்டதான் சொல்லணும், கேளுங்க...

எங்க எந்திரிக்கிறீங்க? புதுச்சத்திரமா? வந்துடுச்சா? அட, உக்காருங்க. இப்பப் போய் இறங்கறீங்களே, நீங்க போயிட்டா நான் யார்கிட்டப் பேசறது? நாமக்கல் வரைக்கும் வாங்க. டிக்கெட் நான் எடுக்கறேன். வேலை இருக்கா? திரும்பி வர்ற டிக்கெட்டும் நானே. டீ வாங்கித் தரேன். வடையோட. சரி, டிபன். தோசை. என்னங்க, இதுக்கு மேல என்னால ஏத்த முடியாதுங்க, சரி, நெய் ரோஸ்ட்டு!

ஏ கண்டக்டர் தம்பி, அந்தக் காசைக் கையால தொடாதே! இவருக்கு நாமக்கல் டிக்கெட்டு நான்தான் எடுக்கறேன், இவரு நான் பேசி உக்கார வெச்ச ஆளு. முன்சீட்டுல இருந்து அவரு நீட்டறதை வாங்காதேங்கறேன். திருப்பிக் குடு. சம்மந்தி, காசை உள்ள வையுங்க. உள்ள வையுங்கன்னா! நீங்க எதுக்கு எடுக்கணும்? நான் உசிரோட உக்காந்திருக்கையில நீங்க எடுத்துடுவீங்களா? கையை விடுங்க சம்மந்தி. சட்டை கிழியப் போகுது, விடுங்க, இப்படி வந்து உக்காருங்க முதல்ல, நின்னுக்கிட்டே வராதீங்க, சக்கரை வியாதிக்காரரு.

என்னங்க நீங்க, இன்னும் நிக்கிறீங்க? புதுச்சத்திரம்தானே? இறங்குங்க, பஸ்ஸு கிளம்பப் போகுது. இவருகிட்ட நான் பேசிக்கிறேன்.